வந்த மீனும் இருந்த மீனும்: தூண்டில் விதிகளின் அறம்

நீலகிரி மாவட்டத்திற்கென 1879ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம், பிற நாடுகளிலிருந்து கொணர்ந்து அம்மலைநீருக்குப் பழக்கப்படுத்தப்பட்ட மீன்களையே வெளிப்படையாகச் சுட்டிக் காக்க முற்பட்டது. மலையோடைகளில் முன்பே வாழ்ந்த சிறுமீன்கள் அதன் நோக்கில் இடம்பெறவில்லை. 1860களில் பிரான்சிஸ் டே டிரவுட் மீனைக் கொணர முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச்.சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் வானவில் டிரவுட் நிலைபெற்றது. எல்லாம் ஆங்கிலேயரின் தூண்டில் விளையாட்டிற்காகவே. அதே மீன் இன்று, உலகில் பெருங்கேடு விளைக்கும் 100 அயலினங்களுள் ஒன்றாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வைத்தெண்ணப்படுகிறது.

விதிகள் இப்போது தலைகீழாயின. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் எவரோ கொண்டுவந்து விட்ட ஏரி டிரவுட் 1994இல் கண்டறியப்பட்டது. அதனைப் பிடிப்போர் கொன்றே ஆகவேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்நீருக்கே உரிய கட்த்ரோட் டிரவுட் தூண்டிலில் சிக்கினால் உயிருடன் விட்டுவிட வேண்டும். ஒரே தூண்டிலில் அகப்படும் இரு மீன்களுள் ஒன்றைக் கொல்க, மற்றொன்றை விடுக என ஆணையிடும் விதிக்கு அற அடிப்படை யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

'இது மண்ணுக்கு உரியது, அது அயலது' என்னும் விடை எளிது. ஆனால் தாராவித் தமிழர் அவ்விடையை ஆராயாமல் ஏற்றல் இயலாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோரின் வழியினர் அங்கு வாழ்கின்றனர். 1966இல் தோன்றிய சிவசேனையின் தொடக்ககாலக் கிளர்ச்சிகள் 'மண்ணின் மைந்தர்' என்னும் முழக்கத்தோடு தென்னிந்தியரை நோக்கியே எழுந்தன. தோற்றுவாயே உரிமையை வரையறுக்கும் எனில், மீனுக்குச் சொல்லும் நியாயம் மனிதர்மேலும் பாயும்.

தொல்காப்பிய அகத்திணையியல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. கருப்பொருளை நிலந்தோறும் வகுத்த அந்நூலே, ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்தவிடத்து அவற்றை வந்த நிலத்தினவாகக் கொள்ள இடந்தருகிறது. இது செய்யுள் இலக்கணமேயன்றிச் சூழலியல் விதியன்று. அதனை இழுத்து நீட்டுவது முறையுமன்று. எனினும் பிறப்பிடம் ஒன்றே உரிமையை முடிவு செய்யும் என்ற கருத்து தமிழ் மரபுக்குக் கட்டாயமானதன்று என்பதற்கு அது சான்றாகும்.

அயன்மை நாட்டெல்லையால் அமைவதன்று என்பதைக் காவிரியின் மாசீர் மீன் காட்டுகிறது. 50 கிலோவுக்கு மேலும் வளரும் திமில் மாசீர் காவிரி ஆற்றுத் தொகுதிக்கே உரியது. நீலத்துடுப்பு மாசீரோ புனேயை ஒட்டிய ஆறுகளிலிருந்து முதன்முதல் விவரிக்கப்பட்ட இனம். மும்பைக்கு அணித்தான லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தின் பொரிப்பகம் 1970கள் தொட்டு அதனைப் பெருக்கியது. அதன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. நோக்கம் நன்றே. ஆயினும் 1998 முதல் 2012 வரை காவிரித் தூண்டில் முகாம்களில் எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளை ஆய்ந்தபோது, நீலத்துடுப்பு மீன் பெருகத் திமில் மீன் அருகியமை புலப்பட்டது. 2018இல் திமில் மாசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. (மராட்டிய மீன் தமிழ் மீனை விரட்டிற்று என எவரேனும் இதனை உவமையாக்கினால் அது பேதைமை.)

இங்கு எடைபோட வேண்டியது பிறப்பன்று, இழப்பின் தன்மையே. நீலத்துடுப்பு மாசீர் காவிரியில் இல்லாதொழியினும் அதற்குத் தன் ஆறுகள் உள. திமில் மாசீர் காவிரியில் ஒழிந்தால் உலகில் எங்கும் இராது. வந்தேறிய மனிதர் எவரையும் இவ்வாறு அழித்ததில்லை; அவர் தாமே வழி தெரிந்து வந்தவர், சட்டத்திற்குக் கட்டுப்படக் கூடியவர். மீன் கொண்டுவரப்பட்டது. அதனிடம் குற்றமில்லை, ஆகவே கொல்லும் விதியைத் தண்டனையாகக் கருதுதல் பிழை. கடன் கொண்டுவந்தவனுடையது.

திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தை முன்வைத்து ஒருவர் இதனையும் மறுக்கலாம். அம்மறுப்பு வலியது. ஆனால் அது நன்கு மதிக்கப்படும் 'பிடித்து விடுதலை' இன்னும் கடுமையாகத் தாக்கும். உணவுக்கன்றி இன்பத்திற்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைப் பாய்ச்சி, நிழற்படம் எடுத்து, மீண்டும் நீரில் விடுவது எவ்வகையில் அருளாகும்? திமில் மாசீரின் வீழ்ச்சியை நமக்கு அறிவித்ததும் அவ்விளையாட்டின் குறிப்பேடுகளே என்பது இச்சிக்கலை மேலும் முறுக்குகிறது. பயனை ஏற்று வருத்தத்தை மறைத்தல் நேர்மையன்று.

எனவே விதிகளுக்கு ஒரு வரிசை வேண்டும். பொரிப்பகக் குஞ்சுகளை அயலாற்றில் விடுவதை முதலில் நிறுத்தல். அதன்பின்னரே தூண்டிற்காரனிடம், புகுத்தப்பட்ட மீனை எண்ணிக்கை வரம்பின்றிப் பிடித்து உணவாக்குக, உரிய மீன் வாழும் மடுவை விட்டு விலகுக எனக் கேட்டல். ஒருபுறம் குஞ்சுகளை விட்டுக்கொண்டே மறுபுறம் கொல்லச் சொல்லும் அரசு, தன் வினைக்குப் பிறனைக் கழுவாய் செய்யச் சொல்கிறது.

தாராவிக்கு அருகிலேயே இதற்கு அளவுகோல் உண்டு. மித்தி ஆறு மாகிம் கழியில் கலக்கும் அவ்விடத்தில் கோலி மீனவரின் தாராவி கோலிவாடா தமிழர் வருகைக்கு முற்பட்டது. அவர்தம் கழிமீனை நலித்தது வந்த மீன் எதுவுமன்று. மாநகரின் சாக்கடையும் ஆலைக்கழிவும், அவற்றுள் நம்மவர் உழைத்த தோல் தொழிற்கூடங்களின் கழிவுமாகும். அங்கே எத்தூண்டில் விதியும் பயன்படாது. விதி கால்வாயின் வாயிலில் தொடங்க வேண்டும்.