முதுமைக்கென்று ஒதுக்குவது தன்னலமா?

சிக்கனம் நல்லது என்று சொன்னால் மறுப்பவர் எவருமில்லை. மளிகைக் கடைக்குப் போகுமுன் வீட்டில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பொட்டலத்தின் விலையை மாத்திரம் பாராமல் கிலோவுக்கு என்ன விலை விழுகிறதென்று கணக்கிட வேண்டும். "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற பலகையைக் கண்டு தேவையில்லாத இரண்டை வீட்டுக்குச் சுமந்து வரலாகாது. இவற்றை நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நமக்குக் கற்பித்தவர்களே அவர்கள்தான்.

ஆனால் அப்படி மிச்சம் பிடித்த பணம் யாருக்கு என்று கேட்கும்போதுதான் தர்க்கம் எழுகிறது. பிள்ளையின் படிப்புக்கு என்றால் எல்லோரும் தலையசைக்கிறார்கள். மகளின் கலியாணத்துக்கு என்றாலும் சரியென்கிறார்கள். "எங்கள் இருவருடைய முதுமைக்கு" என்று ஒரு தகப்பனார் சொன்னால் மாத்திரம் முகங்கள் மாறுகின்றன. பெற்ற பிள்ளைகள் இருக்கத் தனக்கென்று பதுக்குகிறாரே, இவரும் ஒரு தகப்பனாரா என்று உறவினர் முணுமுணுக்கிறார்கள். சில வேளைகளில் அவருடைய மனச்சாட்சியே அப்படிக் கேட்கிறது. ஆகையால் இக்கேள்வியைச் சற்று நிதானமாய் ஆராய்வது நலம்.

தனக்கென ஒன்றும் வையாமல் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவதல்லவா அன்பு? இது முதல் வாதம். கேட்பதற்கு இனிமையாய்த்தான் இருக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விடுகிறதென்று பார்ப்போம்.

ஓர் ஆலைத் தொழிலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட வருங்கால வைப்பு நிதியில் அவர் பெயருக்கு மாதந்தோறும் பணம் சேர்கிறது. வீடு கட்டவும், பிள்ளைகளின் படிப்புக்கும், கலியாணத்துக்கும் அதிலிருந்து பணம் எடுக்க விதிகள் இடங்கொடுக்கின்றன. மகன் கல்லூரியில் சேர்ந்தபோது ஒரு பகுதி போயிற்று. மகளுக்கு நகை செய்தபோது மற்றொரு பகுதி போயிற்று. ஓய்வு பெற்ற நாளில் கைக்கு வந்த சிறு தொகையும் இளையவன் கடை வைப்பதற்கு முதலாயிற்று. கடைசியில் குடியிருந்த வீட்டையும் மூத்த மகன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டார். ஊரார் அவரைத் தியாகி என்றார்கள்.

இப்போது அந்த மகன் வீட்டைப் பாருங்கள். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். தகப்பனாருக்கோ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதா மாதம் மருந்து. மகன் கெட்டவனல்லன், மருமகளும் கெட்டவளல்லள். ஆயினும் மாதக் கடைசியில் மருந்துச் சீட்டை நீட்டும் கை தயங்குகிறது. அதை வாங்கும் முகம் வாடுகிறது. ஒருவரும் தீங்கு நினையாமலே அந்த வீட்டில் சமாதானம் குறைந்துபோகிறது. தகப்பனார் தியாகம் என்று கருதியது, மகனுடைய சம்மதம் கேளாமல் அவன் பெயரில் எழுதப்பட்ட கடன்பத்திரமாய் முடிந்தது. அக்கடனை அவன் தன் பிள்ளைகளின் பங்கிலிருந்தும் தன் முதுமையின் பங்கிலிருந்தும் எடுத்து அடைக்கிறான். இப்படியே இல்லாமையும் தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் ஆஸ்தியைப் போல் இறங்குகிறது.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்லலாம். மெய்தான். பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கென 2007-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கோரலாம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்கும்படியும் அதன் 23-ஆம் பிரிவின் கீழ்க் கேட்கலாம். ஆதரவற்றோருக்கு அது பெரிய துணையே. ஆனால் பெற்ற மகனை எதிர்வாதியாய் நிறுத்தி வாங்கிய சோறு எந்தத் தாய்க்குத் தொண்டையில் இறங்கும்?

இதனால் பிள்ளைகளின் கடமை நீங்கிவிட்டதென்று எவரும் எண்ணலாகாது. பெற்றோரிடம் வங்கிப் புத்தகம் இருக்கிறதென்பதால் நாலாம் கற்பனை தள்ளுபடியாவதில்லை. ஆனால் உலையில் போட அரிசி தங்களிடமே உள்ள பெற்றோருக்கு மகன் பழம் வாங்கி வந்தால் அது அன்பு. அவன் கொடுத்தாலன்றி உலை ஏறாது என்னும் வீட்டில் அதே பழம் பாதி அன்பாகவும் பாதி கணக்காகவும் மாறிவிடுகிறது. முதுமைக்கென்று ஒதுக்குகிறவர் பிள்ளைகளின் அன்பைக் கட்டாயத்தினின்று விடுவிக்கிறார். ஆகையால் அது பிள்ளைகளுக்குக் கொடாமல் பிடித்துவைத்த பணமன்று. அவர்களுக்குக் கொடுக்கும் கொடைகளில் ஒன்றே.

இரண்டாம் வாதம் பக்தியுள்ளோரிடமிருந்து வருகிறது. நாளையைக் குறித்துக் கவலைப்படலாகாது என்றும், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்தவன் மதியீனன் என்றும் சேசுநாதர் போதித்திருக்க, சேமிப்பது அவநம்பிக்கையாகாதா என்கிறார்கள். கவலை வேறு, முன்யோசனை வேறு. முன்யோசனையை விவேகம் என்னும் புண்ணியத்தின் தலையாய பகுதியாக அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் எண்ணுகிறார். தொழிலாளி குடும்பத்தைக் காத்தபின் சிறிதளவாவது சேமிக்கக்கூடியதாய் அவன் கூலி இருப்பதன் நன்மையை 13-ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ஆம் ஆண்டு நிருபத்தில் எடுத்துக்காட்டினார். களஞ்சியக்காரனுடைய குற்றம் தானியத்தைச் சேர்த்ததில் இல்லை. சேர்த்ததில் தன்னையன்றி வேறொருவரையும் நினையாததில் இருந்தது.

அப்படியானால் விவேகம் எங்கே முடிந்து உலோபம் எங்கே தொடங்குகிறது? இதற்கு அடையாளங்கள் உண்டு. எவ்வளவு சேர்ந்தால் போதும் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவன் உலோபத்தின் வாசலில் நிற்கிறான். வளரும் பிள்ளையின் பாலைக் குறைத்து வைப்புத்தொகையைப் பெருக்குகிறவன் உள்ளேயே போய்விட்டான். அண்டை வீட்டில் பிணியும் பட்டினியும் இருக்கத் தன் புத்தகத்தின் கூட்டுத்தொகையைப் பார்த்து மகிழ்கிறவன் அங்கே குடியேறிவிட்டான். முதுமைக்கு ஒதுக்குவதற்கு ஓர் அளவும் நோக்கமும் உண்டு: உணவு, மருந்து, தங்க ஓர் இடம், தர்மத்துக்குச் சிறிது. அதற்கு மேல் உள்ளதைத் தாராளமாய்க் கொடுக்கலாம்.

நல்லதுதான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோருக்கு ஒரு கணக்கு. 35 வயது முதல் 60 வயது வரை மாதம் 1,000 ரூபாய் போட்டு வந்தால் கையிலிருந்து போவது 3 லட்சம். ஆண்டுக்கு 7 சதவீதக் கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டால் வந்து சேர்வது ஏறக்குறைய 8 லட்சம். அதே மனிதர் 45 வயதில் தொடங்கினால் போடுவது 1 லட்சத்து 80 ஆயிரம். வருவது 3 லட்சத்துக்குச் சற்று அதிகம். பத்து வருடத் தாமதத்தின் விலை அவ்வளவு. விலைவாசியோ ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும், 24 ஆண்டுகளில் நான்கு மடங்காகும். ஆகவே அரிசிப்பானைக்குள் ஒளித்த நோட்டு, திருடன் தொடாமலே கரைந்துபோகிறது.

வழிகளும் தூரத்தில் இல்லை. தபாலாபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். 1968-இல் ஏற்பட்ட பொது வருங்கால வைப்பு நிதியில் தையற்காரரும் பெட்டிக்கடைக்காரரும் கூடச் சேரலாம். ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே போதும், 15 ஆண்டுகளில் முதிரும். 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குட்பட்ட, வருமான வரி கட்டாதவர்கள் சேர்ந்தால், 60 வயதுக்குப்பின் அவரவர் கட்டியதற்கேற்ப மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். ஊரில் எவரும் கொடாத வட்டியைத் தருவதாகச் சொல்லி வீடு தேடி வருகிறவர்களுக்கு மாத்திரம் கதவைத் திறக்காதீர்கள்.

அன்றாடக் கூலியில் அன்றாடச் சோறே குறைகிற வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்களைப் பார்த்து ஏன் சேமிக்கவில்லை என்று கேட்பது அநியாயம். அவர்களுடைய முதுமை நம் அனைவர் மீதும் விழுந்த பொறுப்பு; நாம் ஒதுக்குவதில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

பெற்றோரே, செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்க நினைத்தால் ஒருநாளும் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்துவைத்து, மீதியில் குடும்பம் நடத்துங்கள். அதைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டாம். "இது எங்கள் கடைசிக் காலத்துக்கு; உங்கள் தோள் பாரம் குறையட்டும்" என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர்களும் தங்கள் காலத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு அப்படியே செய்யக் கற்றுக்கொள்வார்கள்.