மெல்லிய கோடு

திற்பரப்பில் எங்கள் ரப்பர் விளையின் ஓரத்தில் பாட்டாவின் கல்லறை இருக்கிறது. கருங்கல் பலகையில் அவர் பெயர் இரண்டு முறை வெட்டப்பட்டிருக்கிறது. மேலே ஆங்கிலத்தில், கீழே தமிழில். ஆங்கிலத்துக்கான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தது நான். போன மாதம் ஊருக்குப் போனபோது, மூன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் அதை வாசிக்க முயன்றாள்.

"மாமா, இங்க எதுக்கு பதினொண்ணுன்னு போட்டிருக்கு?"

அது எச் என்ற எழுத்து. நடுவிலிருந்த குறுக்குக் கோட்டைப் பாசி மூடிவிட்டது. மிச்சம் இரண்டு குச்சிகள்.

நான் தேர்ந்தது பொடோனி வகைச் சாய்வெழுத்து. தடித்த கோடு நன்றாகத் தடித்திருக்கும், மெல்லிய கோடு மயிரிழைபோல ஓடும். ஃபேஷன் பத்திரிகை அட்டைகளிலும் கல்யாணக் கார்டுகளிலும் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகப் பெரிதாக வைத்துப் பார்ப்பதற்கென்றே உள்ள எழுத்து. லேப்டாப் திரையில் பாட்டாவின் பெயரை அதில் அடித்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆயுள் முழுக்கப் பால்வெட்டுக்குப் போன மனிதர். அவர் பெயரை யாராவது இவ்வளவு அழகாக எழுதியிருப்பார்களா?

கல்வெட்டும் அண்ணன் பிரிண்ட் அவுட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இந்த மெல்லிசு வரை மழைக்கு நிக்காது பாத்துக்கிடுங்க. கொஞ்சம் தடியாக்கட்டா?" தடியாக்கினால் அந்த எழுத்தே இல்லாமல் போய்விடும் என்றேன். நான் சொன்னது உண்மைதான். சிக்கலும் அதில்தான் இருந்தது.

இந்த எழுத்தின் கதையைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். அச்சில் சாய்வெழுத்து வந்தபோது அது அலங்காரமாக வரவில்லை. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் கையடக்கப் புத்தகங்கள் போட ஆரம்பித்தபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ அதை வெட்டிக் கொடுத்தார். படித்தவர்களின் வேகமான கையெழுத்தைப் பின்பற்றியது. முழுப் புத்தகமும் அதிலேயே அச்சாகும். மயிரிழைக் கோடு வெகுகாலம் கழித்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில் வழவழப்பான தாளையும் நல்ல மையையும் தேடிப் பிடித்தார். நூற்றாண்டின் இறுதியில் பார்மாவில் பொடோனியும் பாரிஸில் திதோ குடும்பத்தாரும் அந்தக் கோட்டை எவ்வளவு மெலிய வைக்க முடியுமோ அவ்வளவு மெலிய வைத்தார்கள். சொரசொரப்பான தாளில் அது உடைந்துபோகும். அதாவது, மெல்லிய கோட்டின் அழகில் பாதி தாளுக்குச் சொந்தம்.

தமிழ் எழுத்து வேறு பரப்பில் வளர்ந்தது. ஓலையில் எழுத்தாணி கீறும் கோடு தடிக்காது, மெலியாது. கல்வெட்டும் அண்ணன் பாட்டாவின் தமிழ்ப் பெயரைத் தன் பழக்கப்படி ஒரே தடிமனில் வெட்டியிருந்தார். அது இன்னும் தெளிவாக இருக்கிறது. எனக்கு அப்போது அது 'சாதாரணமாக' இருப்பதாகப்பட்டது. அதையும் கொஞ்சம் சாய்த்து வெட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். சாய்வு வடிவம் இல்லாத எழுத்துருவை பிரவுசர் தானாகவே சரித்துக் காட்டும். விண்டோஸின் லதா எழுத்துருவில் சாதாரணமும் தடிப்பும் மட்டும்தான் உண்டு. சாய்வு கேட்டால் கிடைப்பது இப்படிச் சரித்த லதாதான். அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஒரு கையும் இல்லை.

பாட்டாவுக்குச் சாய்வு தெரியும். பால்வெட்டில் பட்டையைக் கிடையாகக் கீற மாட்டார்கள். இடப்பக்கம் மேலும் வலப்பக்கம் கீழுமாகச் சரித்து வெட்டுவார்கள். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும், பாலும் வழிந்து சிரட்டைக்கு வரும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெடும். அவர் வெட்டிய மரங்களில் அந்தச் சாய்வு அழகாகவும் இருந்தது. ஆனால் அவர் முதலில் பார்த்தது மரத்தை. நான் கல்லைப் பார்க்கவே இல்லை, திரையைத்தான் பார்த்தேன்.

அழிவதெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. கல்யாணக் கார்டு ஒரு மாதம் வாழ்ந்தால் போதும், அங்கே மயிரிழைக் கோட்டுக்கு முழு உரிமை உண்டு. வாசல் கோலம் மதியத்துக்குள் கலைந்துவிடும், அதனால் அதன் அழகு குறைவதில்லை. கோலம் போடுபவள் மறுநாள் காலையில் தானே போடுகிறாள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்: இந்த அழகு நாளைக்கும் இருக்க யார் குனிய வேண்டும்?

பதில் வீட்டிலேயே இருந்தது. "ரெண்டு வருசமா நான்தான் மக்களே சவுரி வெச்சுத் தேச்சேன். இந்த வருசம் முட்டு மடக்க முடியல்ல," என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். என் ரசனைக்கான செலவை அவள் முட்டு கொடுத்துவந்திருக்கிறது. நான் பெங்களூரிலிருந்து அந்தக் கல்லின் போட்டோவை நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் நானே உட்கார்ந்து தேய்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குறுக்குக் கோடு வெளியே வந்தது. அக்கா மகள் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். எழுத்து இன்னமும் அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

ஒவ்வொரு எடவப்பாதி முடிந்ததும் வந்து தேய்ப்பேன் என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தால் அதை அப்படியே விட்டுவைக்கலாம். இரண்டு நாள் யோசித்தேன். சொல்ல முடியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, மெல்லிய வரைகளைத் தடியாக்கித் தரச் சொன்னேன்.

"அந்த எழுத்து மாறிப்போவுமே தம்பி?" என்றார்.

"மாறட்டும் அண்ணே," என்றேன்.