குந்தியின் மௌனம் யார் குற்றம்?

மணமாகும் முன்பே தாயான இருவரின் மேல்தான் மகாபாரதக் கதையே நிற்கிறது. சத்தியவதி பெற்ற பிள்ளை வியாசர். குந்தி பெற்ற பிள்ளை கர்ணன். ஒருவர் வேதங்களை வகுத்த முனிவர் என்று வணங்கப்பட்டார். மற்றவன் பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டு, அதிரதன் வீட்டில் வளர்ந்து, தேரோட்டி மகன் என்ற ஏச்சைச் சாகும்வரை சுமந்தான். இரு பிறப்பும் ஒரே வகைதான். அப்படியிருக்க ஒன்று மட்டும் பழியானது எப்படி? குந்தி தாயானதை வியாசர் பாவமாக எழுதவில்லை; அதை வெளியே சொல்ல விடாத அச்சத்தையே குலத்தைக் கெடுத்த கேடாக எழுதியிருக்கிறார் என்பது என் வாதம்.

அன்றைய தர்மநூல்களில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு இடமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கன்னி பெற்ற மகனுக்குக் கானீனன் என்று பெயரிட்டு, அவளை மணப்பவனுக்கே அவன் மகன் என்கிறது மனு ஸ்மிருதியின் 9ஆம் அத்தியாயம். சொத்துரிமை தராவிட்டாலும் உறவை அது மறுக்கவில்லை. பிள்ளைப்பேறு இல்லாத பாண்டு, எவரெவரை மகனாகக் கொள்ளலாம் என்று மனைவி குந்தியிடமே வரிசைப்படுத்துகிறான். அந்த வரிசையிலும் கானீனன் உண்டு. கேட்டுக்கொண்டிருந்தவள் அப்போதும் வாய் திறக்கவில்லை. பின்னாளில் கண்ணன் இதே விதியைக் காட்டித்தான் கர்ணனைப் பாண்டுவின் மூத்த மகன் என்று அழைக்கிறான். விதி இடம் கொடுத்தும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே அவள் வாயடைத்துப் போனாள்.

பேச வாய்ப்பிருந்தும் பேசாத குந்திக்குப் பரிந்து பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். போட்டிக் களத்தில் கர்ணனின் குலம் கேட்கப்பட்டபோது அவன் தலைகுனிந்தான். பெற்றவள் சபையிலேயே இருந்தாள். போர் நெருங்கிய பிறகே, மற்ற பிள்ளைகளைக் காக்கும் எண்ணத்தோடு, அவள் அவனிடம் உண்மையைச் சொன்னாள். அந்தக் குற்றத்திலிருந்து அவளை விடுவிக்க முடியாது. ஆனால் அது மகனைக் கைவிட்ட குற்றம், அவனைப் பெற்ற குற்றம் அன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் கர்ணனின் தந்தையான சூரியன் தப்பிவிடுவான்; அவனை எந்தச் சபையும் விசாரிக்கவில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு: ஊர் பழிக்கும் என்ற பயம் இல்லாவிட்டால் குடும்ப ஒழுங்கு குலையாதா? சத்தியவதியின் கதையே இதற்குப் பதில். அவளுடைய மகன் விசித்திரவீரியன் வாரிசின்றி இறந்ததும் அவள் நாணத்தோடு பீஷ்மரிடம் பழைய கதையைச் சொன்னாள். குலம் குலையவில்லை, அந்த மகனை வரவழைத்தே பிழைத்துக்கொண்டது. அரியணைக்குத் தேவை வந்தபோது பழி மறைந்துவிட்டது என்றால், அதை அறத்தின் குரல் என்று எப்படி ஏற்பது? மூடி வைத்த உண்மைதான் ஒழுங்கைக் குலைத்தது: அண்ணன் என்று அறியாமலே அர்ச்சுனன் கர்ணனைக் கொன்றான்.

போர் முடிந்து 15 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கானகத்தில் குந்தி தன் கதையை வியாசரிடம் சொல்கிறாள். உன்மேல் குற்றமில்லை என்கிறார் அவர். சொன்னவரும் கன்னி பெற்ற மகன்தான். அந்தச் சொல்லைக் கன்னிப் பருவத்திலேயே அவளிடம் யாரேனும் சொல்லியிருந்தால் பேழைக்குத் தேவை வந்திராது. பெற்றவளிடம் ஒழுக்கக் கணக்குக் கேட்கும் சமூகம், அவள் அச்சமின்றிப் பேச இடம் தந்தோமா என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.