தக்காளித் தொட்டியும் ஓர் அமானிதமே

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருள் தூதர் முஹம்மத் முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



வீட்டில் தக்காளி வளர்ப்பதற்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தக்காளி அரபு நாட்டுப் பயிரன்று. தென் அமெரிக்க மலைநாட்டில் தோன்றிக் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. நம் முன்னோர் அதைச் சீமைத் தக்காளி என்றே அழைத்தனர். ஆயினும் ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தும் விதைத்ததிலிருந்தும் மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அந்த நற்செய்தி பேரீச்சைக்கு மட்டும் உரியதன்று. மாடித் தொட்டியில் நிற்கும் ஒற்றைச் செடிக்கும் உண்டு. பழத்தை அணில் கடித்துவிட்டதென்று ஏசும் தாய்மார்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். அந்தப் பழமும் உங்கள் கணக்கில் எழுதப்படுகிறது.

இனி, எண்ணூர் நெட்டுக்குப்பத்தை எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் குப்பம் அது. சுற்றிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், தொழிற்சாலைகள். நிலக்கரிச் சாம்பல் ஆற்றில் படிந்து கிடக்கிறது, காற்றிலும் பறக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து, முகத்துவாரத்தையும் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு, பக்கத்திலுள்ள பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இப்படிப்பட்ட ஊரில் செடி வைத்து, அதன் பழத்தை அண்டை வீட்டுக்குக் கொடுத்தால் அது ஸதகாவா, அல்லது தீங்கா? இக்கேள்வியை யாரும் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. பூமியிலிருந்து வெளிப்படுத்தித் தந்தவற்றில் நல்லதையே செலவிடுமாறும், நமக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்க மாட்டோம் என்ற மட்டமான பொருளைத் தேடிக் கொடுக்க வேண்டாமென்றும் சூரத்துல் பகராவில் அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான். உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூய்மையானதாகவும் இருக்க வேண்டும் என்பதும் அதே சூராவின் போதனை. ஆகவே இங்கே செடி வளர்ப்பவருக்கு மண்ணும் நீரும் அமானிதம். அதை எப்படிப் பேணுவது?

முதலாவது, ஆற்றங்கரை மண்ணையும், வெள்ளம் ஏறிய முற்றத்து மண்ணையும் உணவுச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். கடல்மணலும் ஆகாது, உப்பு வேரைக் கெடுக்கும். வெளியிலிருந்து வாங்கிய செம்மண், மண்புழு உரம், நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து தொட்டியில் நிரப்புங்கள். கீரையும் கிழங்கும் மண்ணிலுள்ள உலோக நஞ்சை அதிகம் ஏற்கும். தக்காளி போன்ற காய்கள் ஒப்பிடுகையில் குறைவாகவே ஏற்கும். எனினும் சாம்பல் தூசு பழத்தின் மேல் படியும். எனவே நன்றாகக் கழுவியே உண்ண வேண்டும்.

இரண்டாவது, தொழிற்சாலைப் பகுதிகளில் ரசாயனம் இருந்த பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வெட்டித் தொட்டியாக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருந்தது என்னவென்று நமக்குத் தெரியாது. குடிநீர் கேன், பழைய சமையல் பாத்திரம், செடி வளர்க்கும் பை போதும். ஓரடி ஆழமும் அடியில் நீர் வடியத் துளைகளும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, பருவம். சென்னைக் கடற்கரையில் ஐப்பசி இறுதியில் கூரையடியில் நாற்று விட்டு, கனமழை ஓய்ந்தபின் எடுத்து நட்டால் மாசி, பங்குனியில் பழம் கிடைக்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகம் நம் நாட்டு வெயிலுக்குப் பழகியது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் பூ உதிரும். சித்திரையில் காய்க்கவில்லையே என்று செடியை நொந்துகொள்ள வேண்டாம். கடற்காற்றில் சாயாமல் குச்சி நட்டுக் கட்டுங்கள். இலை சுருண்டால் வெள்ளை ஈதான் பெரும்பாலும் காரணம். வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் நீரில் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மாடியோ முற்றமோ இல்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே சன்னலோரம் வளர்க்கலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும்; இல்லையேல் தண்டு நெடுநெடுவென்று வளரும், காய் வராது. சிறு பழம் தரும் ரகமே இதற்கு ஏற்றது. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. வெளியே காற்றும் வண்டும் அசைத்து மகரந்தத்தை உதிர்க்கும். வீட்டுக்குள் அந்த வேலை நம் விரலுக்கு. காலையில் பூங்கொத்தை மெல்லத் தட்டிவிட்டால் போதும். இத்துணை சிறு பூவில் இத்துணை ஏற்பாட்டை வைத்தவனின் குத்ரத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட எளிய பாடம் உண்டோ?

நீரைப் பற்றி ஒரு மஸ்அலா. ஒளுச் செய்து வடிந்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக ஊற்றலாம். அதைக் கொண்டு மறுபடி ஒளுச் செய்ய முடியாதே தவிர, அது அசுத்தமன்று. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றதை மறக்க முடியுமா? அரிசி களைந்த நீரும் ஒளு நீரும் தொட்டிக்குப் போகட்டும். குழாய் நீர் குடிக்க இருக்கட்டும். கரிப்பேறிய நிலத்தடி நீரைத் தொடர்ந்து ஊற்றினால் செடி வாடும். சாண உரம் இடலாம். அதனால் பழம் அசுத்தமாகிவிடாது. சாணம் பட்ட பழத்தை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள். ஜகாத்தைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ மத்ஹபில் காய்கறிகளுக்கு அது கடமையில்லை. ஹனஃபி மத்ஹபில் நிலத்தின் விளைச்சலுக்கு உஷ்ர் உண்டென்றாலும், வீட்டுக்குள் நிற்கும் மரத்தின் கனிக்கு இல்லை என்றே சட்ட நூலோர் கூறுவர்.

ஜகாத் இல்லையென்றால் அண்டை வீட்டாரின் ஹக் இல்லையென்று ஆகிவிடாது. மாடித் தொட்டி நீர் கீழ்வீட்டுச் சுவரில் வழியக் கூடாது. தட்டில் நீர் தேங்கிக் கொசு பெருகக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகள் சிலவற்றில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. அத்தகைய நாளில் நாலு பழம் பெரிய நன்கொடை. குழம்பு வைத்தால் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் கேட்டார்கள். படகு இறங்க முடியாமல் அடுப்பு எரியாத மீனவச் சகோதரரின் வீடும் அந்தக் கட்டளைக்குள் அடங்கியதே.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். நம் தொட்டியில் நல்ல மண்ணை நிரப்பிவிட்டதால், ஊர் மண்ணைக் கெடுத்தவர்களின் பொறுப்பு நீங்கிவிடாது. பிறருக்குத் தீங்கிழைப்பதும், தீங்குக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது மார்க்கத்தின் அடிப்படைச் சட்டம். ஆற்றில் சாம்பலையும் எண்ணெயையும் விடுவது அதற்கு மாறானது. அதை முறையிடும் மீனவர்களோடு நின்று நியாயம் கேட்பதும் அமானிதத்தைப் பேணுவதில் சேர்ந்ததே.

கியாமத் நாள் வந்துவிட்ட நேரத்திலும் கையில் கன்று இருந்தால் அதை நட்டுவிடுமாறு ஏவப்பட்ட உம்மத் நாம். விதைப்பது நம் கை. முளைக்கச் செய்பவன் அவன். பிஸ்மி சொல்லி நடுங்கள். முதற்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

வல்ல ரஹ்மான் நம் மண்ணையும் நீரையும் தூய்மையாக்கி, நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.