யார் செய்த ஸ்லைடு?

பிள்ளைகளுக்குப் பொய் பழக்குவது எது என்று கேட்டால் சினிமா, செல்போன், கூடாத சேர்க்கை என்று ஆளுக்கொன்று சொல்வோம். நான் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். வீட்டுப்பாடமாக ‘பிபிடி’ கேட்கிற பள்ளிக்கூடத்தை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு அம்மா வாட்ஸ்அப்பைத் திறந்து மிஸ் அனுப்பிய செய்தியைக் காட்டுவார்: நீர் மாசுபாடு, பத்து ஸ்லைடு, படங்களோடு, நாளைக் காலைக்குள். பக்கத்தில் ஏழாவது படிக்கும் பையன் நிற்பான். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி, “எந்த ஸ்கூலுக்கா, எத்தனாவது?” என்று கேட்டுக்கொண்டே பழைய ஃபைல் ஒன்றைத் திறப்பார். போன வருடம் வேறொரு பிள்ளைக்குச் செய்தது. முதல் ஸ்லைடில் இருக்கும் பெயரை அழிப்பார். “இனிஷியல் என்ன?” புதுப் பெயரை அடிப்பார். நீலப் பின்னணியைப் பச்சையாக்குவார். கடைசி ஸ்லைடில் ரோஜாப்பூ படத்தோடு ‘நன்றி’ ஏற்கெனவே இருக்கும். “மெயில் பண்ணட்டுமா, பென்டிரைவ் கொண்டாந்தீங்களா, கலர் பிரின்ட்டும் வேணுமா?” வேலை முடிந்தது. அதுவரை அந்தப் பையனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் அவன் திரைக்குப் பக்கத்தில் நின்று, தானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற வரிகளை உரக்க வாசிப்பான். கைதட்டுவார்கள். மதிப்பெண் போடுவார்கள்.

இதில் ஏமாந்தவர் யார் என்று தேடிப் பாருங்கள், கிடைக்க மாட்டார். ஆசிரியருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் தெரியும். பாதிப்பேர் அதே கடையில் செய்து வாங்கியவர்கள். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, தெரியாததுபோல் எல்லோரும் சேர்ந்து நடத்திக்கொடுக்கிறோம். பன்னிரண்டு வயதில் இந்தப் பயிற்சியை முடித்த பிள்ளை, நாளைக்குத் தூர்வாராத ஏரியைத் தூர்வாரியதாகப் படம் போட்டுக் கூட்டத்தில் காட்டும் அதிகாரியானால் அவனை எந்த வாயால் குறை சொல்வது?

இப்போது கடைக்குப் போகும் வேலையும் மிச்சம். கைப்பேசியில் ஒரு வரி சொன்னால் செயற்கை நுண்ணறிவு பத்து ஸ்லைடையும் ஒரு நிமிடத்தில் கட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே ‘ஸ்லைடு செய்து வா’ என்ற வீட்டுப்பாடம் செத்துப்போய்விட்டது. அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பதற்கு ஒரு நியாயமும் மிச்சமில்லை.

இந்த மதிப்பெண் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். கேன்வா பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசம். கூகுள் கிளாஸ்ரூமும் பள்ளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ‘அப்புறமென்ன, எல்லோருக்கும் சமவாய்ப்புதானே?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மென்பொருள் இலவசம், வீட்டில் சும்மா இருக்கும் ஒரு கணினி இலவசமா? ஆங்கில மெனுவைப் படித்துச் சொல்லும் அண்ணனோ அப்பாவோ இலவசமா? வீட்டில் ஒரே ஒரு போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு, சார்ஜ் இறங்கிப்போய், திரும்பி வருகிறது. அந்த வீட்டுப் பெண் சார்ட் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் தானே எழுதி, தானே வரைந்து கொண்டுவருவாள். வகுப்பிலேயே உண்மையாக உழைத்தது அவள் ஒருத்தியாகக்கூட இருக்கலாம். ‘பிரசன்டேஷன்’ என்ற கட்டத்தில் அவளுக்குத்தான் குறைச்சல். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் முக்கியப் பாடங்களுக்கு 100-க்கு 20 அகமதிப்பீடு. அதில் எந்தப் பங்கைப் பள்ளி இப்படி அழகுக்குத் தூக்கிக் கொடுத்தாலும் அது அப்பாவின் வருமானத்துக்குப் போட்ட மதிப்பெண். பரம்பரையாக வந்த வசதிக்குத் தகுதி என்று பெயர் சூட்டும் வேலையை இந்த நாடு நெடுங்காலமாகச் செய்துவருகிறது. ஸ்லைடு அதற்குப் புதிதாக வாய்த்த கருவி.

ஆசிரியர் பக்கமும் இதே கதைதான். ஆனால் அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்ற வேண்டியவை காத்திருக்கின்றன. எந்தச் செயல்பாடு நடந்தாலும் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். பாடம் நடத்தியதைவிட, நடத்தியதற்கான ஆதாரம் மேலிடத்துக்குப் பெரிதாகிவிட்டது. உற்பத்தித்திறன் கருவிகள் என்று வந்தவை அவருடைய நேரத்தை மிச்சப்படுத்தியதைவிட மேலிருப்பவர்களின் கண்காணிப்பைச் சுலபமாக்கியதே அதிகம். அப்படி அலைக்கழிந்த மனிதர் இணையத்தில் யாரோ செய்த ஸ்லைடை இறக்கி ஓட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஓட்டும்போது நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். திரை தெளிவாகத் தெரிய விளக்கை அணைக்கிறார்கள். இருட்டில் பிள்ளைகள் முகம் ஆசிரியருக்குத் தெரியாது. புரியாதபோது சுருங்கும் புருவம் தெரியாது. கரும்பலகையில் கணக்குப் போட்டபோது நடுவில் தப்பு நேரும். “சார், அங்க மைனஸ் வரும்” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். ஆசிரியர் அழித்துவிட்டு மறுபடி போடுவார். அறிவு என்பது அழித்துத் திருத்தத் தக்கது என்பதை அந்தச் சுண்ணாம்புத் தூசியில் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். ஸ்லைடில் எல்லாம் முடிந்த முடிவாக வந்து நிற்கிறது. குறித்துக்கொள்வதைத் தவிரப் பிள்ளைக்கு அதில் வேலையே இல்லை. 1925-இல் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியார், தான் சொல்வதையும்கூட யோசித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்று மேடைக்கு மேடை சொல்லிவந்தார். நூறாண்டு கழித்து, அந்த மண்ணின் வகுப்பறையில், திரையில் வந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகளை நம்பவைக்கிறோம். பல பள்ளிகளில் ஆயுத பூசையன்று கணினிக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். மற்ற நாளில் கெட்டுப்போய்விடும் என்று பிள்ளைகளைத் தொட விடுவதில்லை. தொடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்றால் அது எந்த இடம்?

பவர்பாயின்ட் வகுப்பறைக்காகப் பிறந்ததும் அல்ல. 1987-இல் ஃபோர்தாட் என்ற சிறிய நிறுவனம் அதை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது. வியாபாரக் கூட்டங்களில் எதிரில் இருப்பவரைச் சம்மதிக்க வைக்க வந்த கருவி அது. பாடம் நடத்துவது சம்மதம் வாங்குகிற வேலை இல்லை.

கல்பனா சாவ்லாவைப் பற்றி ஸ்லைடு செய்யாத பள்ளி குறைவு. பிறந்த ஊர், படிப்பு, விண்வெளிப் பயணம், மறைவு என்று நான்கு புள்ளிகளில் முடித்துவிடுவார்கள். அந்த மறைவுக்குள் ஒரு ஸ்லைடு இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று அவர் சென்ற கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட 82-ஆவது வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் வானில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, கவலைப்பட அதிகமில்லை என்கிற தொனியில் இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று இறங்கிப்போய் அடிமட்டத்தில் ஒரு வரி: முந்தைய சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதாகக் கருதியது 1,920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உயிர் போகிற விஷயம் ஸ்லைடின் கடைசியில், சின்ன எழுத்தில். பிப்ரவரி 1 அன்று ஓடம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடை எடுத்துக்காட்டி, முறையான தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு காட்டும் நாசாவின் வழக்கத்தைக் கண்டித்தது. ஸ்லைடுதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் ‘ஆகையால்’, ‘ஆனால்’, ‘அப்படியென்றால்’ ஆகிய இணைப்புகளை வெட்டிவிட்டுச் சிந்தனையைப் புள்ளிகளாக உதிர்த்தால், தேர்ந்த பொறியாளர்களின் கூட்டத்திலேயே முக்கியமானது கண்ணுக்குத் தப்பிவிடும். ஏழாம் வகுப்பில் அதைத்தான் திறமை என்று கற்றுக்கொடுக்கிறோம்.

கருவிகளைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இதே கருவிகளுக்குள் நாம் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது.

ஊசல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, நூலும் எடைக்கு ஒரு நட்டும் கொடுங்கள். ஒரே ஒரு மடிக்கணினி போதும். கூகுள் ஷீட்ஸில் ஒரு அட்டவணை. நூலின் நீளம், எடை, 20 அலைவுக்கு ஆன நேரம். ஒவ்வொரு குழுவும் வந்து தன் எண்ணைத் தானே அடிக்க வேண்டும். 100 செ.மீ. நூலுக்கு எல்லோருக்கும் 40 வினாடியை ஒட்டி வரும். ஒரு குழுவுக்கு மட்டும் 38 வரும். “நீங்க தப்பு,” “இல்ல, உங்க வாட்ச் தப்பு” என்று சண்டை கிளம்பும். மறுபடி செய்து காட்டச் சொன்னால் விஷயம் வெளியே வரும்: ஊசலை விட்ட உடனே ‘ஒண்ணு’ என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள், எண்ணியது 19 அலைவுதான். எடையை மாற்றினாலும் நேரம் மாறவில்லையே என்று இன்னொருத்தி கவனிப்பாள். நூலை 25 செ.மீ. ஆக்கினால் நேரம் கால்பங்காகும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பாதிதான் ஆகும், 20 வினாடி. ஏன் என்று கேட்காமல் ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகாது. இந்த அட்டவணையை ஜெராக்ஸ் கடையில் செய்து வாங்க முடியாது. இதில் பார்க்க அழகான ஒன்றும் இல்லை, படம் எடுத்துக் குழுவில் போடவும் லாயக்கில்லை.

கட்டுரை எழுதவைப்பதும் அப்படியே. கூகுள் டாக்ஸில் எழுதினால், எந்த வரி எப்போது வந்தது, எது அழிந்தது என்ற வரலாற்றை அது வைத்திருக்கும். ஆசிரியர் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இந்தப் பத்தியை ஏம்மா எடுத்துட்ட? நல்லாத்தானே இருந்துச்சு” என்று கேட்கலாம். முடிந்த பொருளை விட்டு, வந்த வழிக்கு மதிப்பெண் போடலாம். இதையே திருட்டைப் பிடிக்கும் வேவு வேலையாக்கினால் பிள்ளைகள் அதற்கும் ஒரு தந்திரம் கண்டுபிடிப்பார்கள். அந்தத் தப்பு அவர்களுடையது ஆகாது.

இன்னொன்று. ஒரு செயலியில் கணக்குத் தொடங்கச் சொல்லும்போது பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் யாரிடமோ கொடுக்கிறோம். கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் ஆன்லைன் படிப்புக்குப் பரிந்துரைத்த 160-க்கு மேற்பட்ட கருவிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்து 2022-இல் அறிக்கை தந்தது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் உரிமைக்குப் பங்கம் வரும்படி தகவல்களைக் கையாண்டதாகக் கண்டது. நம் நாட்டின் தீக்‌ஷா செயலியும் அதில் இருந்தது. 18 வயதுக்குக் கீழே இருப்பவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் சட்டமே வந்துவிட்டது. “ஸ்கூல்ல கேட்டாங்க, ஓடிபி சொன்னேன்” என்பது ஒப்புதல் ஆகாது.

பெற்றோருக்கு இதில் என்ன அதிகாரம் என்று கேட்பவர்களுக்காக: 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: வீட்டிலிருந்து வரும் ஸ்லைடுக்கு இந்தப் பள்ளியில் மதிப்பெண் கிடையாது, கருவியில் செய்ய வேண்டிய எதுவும் பள்ளி நேரத்தில், பள்ளிக் கணினியில், பிள்ளையின் கையால் நடக்கும். தனியார் பள்ளிப் பெற்றோர் இதையே கடிதமாக எழுதி முதல்வரிடம் கொடுக்கலாம். ஹைடெக் லேப் பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று கேட்டு வாங்க வேண்டும். ‘இதெல்லாம் செய்தால் போர்ஷன் முடியாதே’ என்று தலைமை ஆசிரியர் சொல்வார். அப்போது, போன மாதம் ஸ்லைடில் முடித்த பாடத்திலிருந்து ஏதாவது ஒரு கேள்வியை, வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையிடம், திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.