நஞ்சும் படைப்பும்: கொப்புள வண்டு எழுப்பும் கேள்வி

நன்மையே உருவான கடவுள் படைத்த உலகில் நஞ்சுக்கு என்ன வேலை? கிறிஸ்தவ இறையியலில் இது பழைய கேள்வி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ நூலின் 11ஆம் பகுதியில் அகஸ்டின் இதற்கு விடை சொல்கிறார். எந்தப் பொருளும் இயல்பிலேயே தீயதன்று. முறை தவறினால் கொல்லும் நஞ்சு, முறையறிந்து கையாண்டால் மருந்தாகும் என்பது அவர் கருத்து. இந்த விடையை உரசிப் பார்க்க ஏற்றது கொப்புள வண்டின் வரலாறு.

மெலோயிடே குடும்பத்தைச் சேர்ந்த இவ்வண்டுகளுள் மருத்துவத்தில் பெயர் பெற்றது, ‘ஸ்பானிஷ் ஈ’ என்ற பெயரில் விற்கப்பட்ட லிட்டா வெசிகடோரியா. மரகதப் பச்சையாக மின்னும் உடல். நீளம் ஏறத்தாழ 2 செ.மீ. சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அதிலுள்ள கேன்தாரிடின் தோலில் பட்டால் சில மணி நேரத்தில் நீர் கோத்த கொப்புளம் எழும். ஆண் வண்டு இணைசேரும்போது இந்த நஞ்சைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது; பெண் அதை முட்டைகளுக்குக் காப்பாகச் சேர்க்கிறது. வண்டின் வாழ்வில் இது தீமையே இல்லை. அடுத்த தலைமுறைக்கான காவல். இதுவரை அகஸ்டின் சொன்னது சரியாகவே பொருந்துகிறது.

மனிதர் கைக்கு வந்த பிறகுதான் சிக்கல். விடியற்காலையில் குளிரில் விறைத்திருக்கும் வண்டுகளைக் கிளையை உலுக்கித் துணியில் விழச்செய்து, வினிகர் ஆவியில் கொன்று, உலர்த்திப் பொடித்தார்கள். மெழுகும் கொழுப்பும் சேர்த்துக் குழைத்த அந்தப் பொடி, தோலில் ஒட்டும் பற்றாயிற்று. உடலில் தேங்கிய கெட்ட நீரே நோய்க்குக் காரணம், கொப்புளம் அதை வெளியே இழுத்துவிடும் என்பது அன்றைய கொள்கை. கண்ணெதிரே நீர் கோத்து நின்றதால் கொள்கை மெய்ப்பட்டதாகவே தோன்றியது. 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை அடைத்துச் சாகக் கிடந்தபோது, ரத்தத்தை வெளியேற்றிய மருத்துவர்கள் தொண்டையில் இந்தப் பற்றையும் இட்டனர். அவர் பிழைக்கவில்லை.

உள்ளுக்குக் கொடுப்பது இன்னும் கொடியது. சில பத்து மில்லிகிராம் கேன்தாரிடின் சிறுநீரகத்தைச் சிதைத்து உயிரைப் பறிக்கும். நீரோவின் நண்பர் கொசினஸ், தோல் நோய்க்காக எகிப்திய மருத்துவர் ஒருவர் கொடுத்த வண்டுக் கஷாயத்தால் இறந்ததை மூத்த பிளினி பதிவு செய்துள்ளார். 1697இல் லண்டன் மருத்துவர் கல்லூரி, இதை உள்மருந்தாகக் கொடுத்த டச்சு மருத்துவர் குரூன்வெல்டைச் சிறைக்கு அனுப்பியது. கற்பூரத்தோடு சேர்த்தால் ஆபத்தில்லை என்று வாதிட்டு, மறு ஆண்டே அவர் நூல் வெளியிட்டார்.

இரு தரப்பும் அகஸ்டினின் கருத்தை ஏற்றிருக்க முடியும். முறையான பயன் எது என்பதில்தான் பிணக்கு. எல்லாமே நஞ்சு, அளவே ஒன்றை நஞ்சல்லாததாக்குகிறது என்று பாராசெல்சஸ் 1538இல் எழுதியது இந்த இடத்தை நிரப்பும் முயற்சி. ஆனால் அளவு உண்டு என்று அறிவது வேறு, அந்த அளவு எது என்று அறிவது வேறு. பொடியில் நஞ்சு எவ்வளவு என்று தெரியாதவரை அளவு வெறும் ஊகமே. 1810இல் பிரெஞ்சு மருந்தியலாளர் ரொபிக்கே கேன்தாரிடினைத் தனியே பிரித்தெடுத்த பிறகே எடை போட வழி பிறந்தது.

2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மொலஸ்கம் என்னும் தோல் தொற்றுக்கு 0.7 சதவீதக் கேன்தாரிடின் கரைசலை ஒப்புக்கொண்டது. பயிற்சி பெற்றவர் பருவின்மேல் மட்டும் தொட்டு வைத்து, குறித்த நேரத்தில் கழுவச் சொல்கிறார். அதே நஞ்சு இன்று நம்பிக்கையால் அல்ல, சோதனையால் மருந்தாகிறது.

ஆகவே, தீமை பொருளில் இல்லை என்ற அகஸ்டினின் விடை நிற்கிறது. ஆனால் அது கடவுளை விடுவிக்கும் அளவுக்கு மனிதரைக் கட்டுகிறது. முறையறிந்து என்ற நிபந்தனையை நிறைவேற்ற நல்லெண்ணம் போதாது. பிறர் உடலில் நஞ்சை வைப்பவர், தனக்கு உண்மையாகவே தெரியுமா என்று சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். அந்தச் சோதனையைத் தவிர்த்த இடத்தில் தீங்குக்குப் பொறுப்பு வண்டினுடையது அல்ல, அவருடையது.