வராதவர்கள்

2024 ஏப்ரல் 19ஆம் தேதி தேரிக்காட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் நுண் பார்வையாளனாகக் காலையிலிருந்து இரவுவரை உட்கார்ந்திருந்தேன். வங்கிக்காரர்களுக்குத் தேர்தல் கமிஷன் கொடுக்கும் உத்தியோகம் இது. விரலில் மை வைப்பது ஒருவர், ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்குவது இன்னொருவர். எனக்குப் பார்ப்பது மட்டுமே வேலை. விமர்சனம் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்று ஒரு நண்பர் பிறகு கேலி செய்தார்.

பனையேறிகளும் கிழவிகளும் விடிந்ததுமே வந்து போய்விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் ஓய்ந்துவிட்டது. டீ குடிக்க வெளியே போனபோது, நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் ஏழெட்டு இளைஞர்கள் பைக்குகளின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யார் விரலிலும் மை இல்லை. உள்ளே திரும்பியதும் ஒரு கட்சியின் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: “வராதவனுக்கு ஃபைன் போடணும் சார். நூறு ரூவான்னு சொல்லிப் பாருங்க, ஓடி வருவானுவ.”

அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் சொன்ன அதே தொகையை ஒரு சர்க்கார் ஏற்கனவே சட்டமாக்கிப் பார்த்திருக்கிறது. குஜராத் சட்டசபை உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கி 2009இல் மசோதா நிறைவேற்றியது. 2014இல் கவர்னரின் ஒப்புதல் கிடைத்தது. 2015இல் அபராதம் நூறு ரூபாய் என்று விதி வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த மாநில உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. கட்டாய வாக்கு வேண்டாம் என்று சட்ட கமிஷனும் அந்த ஆண்டில்தான் அறிக்கை தந்தது.

கட்டாயத்தை ஆதரிப்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அது நேர்மையாகாது. ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு அறுபதுக்கும் குறைவு. 1924இல் சட்டம் வந்தது, 1925இல் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. எல்லோரும் வருவார்கள் என்று தெரிந்தால் எந்தக் கட்சியும் யாரையும் கணக்கிலிருந்து தள்ளிவிட முடியாது. வராமல் நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் ஏழைகளே என்பதால் இது அவர்களுக்குப் பாதுகாப்பு. இந்த வாதத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் சட்டம் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கும், வந்தவன் மனத்தில் அக்கறை பிறப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை யாரும் அளந்து சொல்வதில்லை. இளைஞர்களை அரசியலுக்கு இழுப்பதற்கு இதுவே வழி என்று சொல்லும்போது இந்தத் தூரம் ரொம்பவும் முக்கியமாகிறது.

குலசேகரன்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே அரசியல் என்றதும் 1942 ஞாபகத்துக்கு வரும். அந்த வருடம் செப்டம்பர் 20 அன்று உப்பளத்தில் நடந்த சம்பவத்தில் லோன் என்ற உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தூக்கு நிறைவேறவில்லை, பின்னால் விடுதலையானார்கள். ஒரு மனிதனின் சாவைக் காவியமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. நான் கவனிப்பது வேறு. சொத்தும் வரியும் படிப்பும் உள்ள ஒரு சிறுபான்மைக்கு மட்டுமே அன்று வாக்குரிமை இருந்தது. வாக்குச்சாவடிப் பக்கமே போக வழியில்லாத தலைமுறை கழுத்தைக் கயிற்றுக்கு நீட்டும் அளவுக்கு அரசியலில் இறங்கியிருக்கிறது. வாக்கையும் அக்கறையையும் ஒன்றாகக் கொள்ளும் கணக்கு இந்த ஊரிலேயே பொய்த்துவிடுகிறது.

இன்னொரு உதாரணத்துக்குக் கடலைத் தாண்ட வேண்டும். அதிக தூரமில்லை, மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு இரண்டு கரைக்கும் பொதுவாக இருந்தது. இலங்கையில் 1931இல் சர்வஜன வாக்குரிமையோடு முதல் தேர்தல் நடந்தது. ஆசியாவிலேயே அது புதிது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதைப் பகிஷ்கரித்தது. டொனமூர் திட்டம் முழு சுயாட்சி தரவில்லை என்பது ஹண்டி பேரின்பநாயகம் முதலான அந்த இளைஞர்களின் கட்சி. வடக்கில் நான்கு தொகுதிகளில் வேட்பாளரே நிற்கவில்லை. 1934 வரைக்கும் அந்த நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அது ராஜதந்திரமா, தவறா என்று இன்னும் வாதாடலாம். தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலி நாற்காலிகளுக்கு அர்த்தம் இருந்தது.

அதே யாழ்ப்பாணத்தில் 2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. விடுதலைப் புலிகள் திணித்த பகிஷ்கரிப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு 1931இன் வெறுமையும் 2005இன் வெறுமையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டாவதில் அந்த ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்று எவராலும் படித்துவிட முடியாது. பயம் வந்து நின்ற இடத்தில் மௌனம்கூட அவர்களுடையதாக இல்லை. வாக்களிக்காதே என்ற நிர்ப்பந்தம் இதைச் செய்யுமானால், வாக்களி என்ற நிர்ப்பந்தமும் அளவில் குறைவாக, ஆனால் இதே காரியத்தைத்தான் செய்யும். ஒரு பக்கம் துப்பாக்கி, மறு பக்கம் நூறு ரூபாய். இரண்டையும் சமமாக்க நான் முயலவில்லை. வந்து நிற்கும் வரிசையிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாமல் போகும் என்கிறேன். 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்த ‘நோட்டா’ பட்டன் இருக்கிறதே என்பார்கள். வந்து மறுப்பது ஒரு பேச்சு, வராமலிருப்பது வேறொரு பேச்சு. முன்னதைக் கொடுத்ததற்காகப் பின்னதைப் பறித்துக்கொள்ள முடியாது.

வேப்பமரத்தடிக்கு மறுபடி வருகிறேன். அந்தப் பையன்கள் அரசியல்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 28ஆம் தேதிதான் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகலாமா, வேலை உள்ளூர்க்காரனுக்கா வெளியூர்க்காரனுக்கா என்று காரசாரமாக வாதம். இந்தக் கேள்விகளில் எதையும் எந்த வாக்கு இயந்திரமும் அவர்களிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடிய இடம் பஞ்சாயத்து. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். 2016இல் பதினெட்டு முடிந்தவன் தன் ஊருக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று வருஷம் காத்திருந்தான். அவனுக்கு யார் அபராதம் கட்டினார்கள்? தேர்தல் நடத்தாத சர்க்காருக்குக் கட்டாயம் கிடையாது, வராத பையனுக்கு மட்டும் கட்டாயம் என்பது விசித்திரமான தர்மம்.

கட்டாயம் இவர்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தசராவுக்கு முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு நாற்பது நாள், ஐம்பது நாள் விரதம் இருக்கிறவர்கள் இதே பையன்கள்தான். காளியாகவும் குறவனாகவும் வேஷம் கட்டி, வசதி உள்ளவன்கூட வீடு வீடாகக் காணிக்கை எடுக்கிறான். ஊருக்கு ஊர் தசராக் குழு. வசூலான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வாசிக்கப்படும். பொருந்தாவிட்டால் சட்டையைப் பிடிப்பான். என் வங்கியில் கணக்கு வைத்திருக்கும் ஒரு குழுவின் பாஸ் புத்தகத்தை அதன் பொருளாளர் சரிபார்க்கும் அழகை எங்கள் ஆடிட்டர்கள் வந்து பார்க்கலாம். யாரும் திணிக்காமல் தானே தலையில் ஏற்றுக்கொண்ட கடன் என்பதால் அதைத் தீர்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. விரதம் இருக்காதவனுக்கு நூறு ரூபாய் அபராதம் என்று கோயில் அறிவித்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கலாம். வேஷம் மட்டும் மிஞ்சும்.

கணக்குக் கேட்க முடிகிற இடத்தில் அவன் வந்து நிற்கிறான். கிராம சபையில் கணக்குக் கேட்டவனை ‘இவனுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று உட்காரவைத்துவிட்டு, சாவடிக்கு வரவில்லையே என்று அங்கலாய்க்கிறோம்.

நானே ஒரு குற்றவாளி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 சட்டசபைத் தேர்தலில் வேலை பார்த்த எனக்குத் தபால் வாக்குச் சீட்டு எண்ணிக்கை முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அனுப்பிய அலுவலகத்தில் கேட்டால் கையை விரித்தார்கள். குஜராத் சட்டம் இங்கே இருந்திருந்தால், தேர்தல் நடத்தப் போனதற்காக நான் நூறு ரூபாய் கட்டியிருப்பேன், அல்லது காரணம் எழுதிக் கொடுத்துவிட்டு யாராவது ஒரு குமாஸ்தாவின் தயவுக்குக் காத்திருந்திருப்பேன். வளைகுடாவில் இருக்கிறவனும், சென்னையில் மளிகைக்கடையில் நிற்கிறவனும், அன்றைக்கென்று ஆழ்கடலில் இருக்கிறவனும் அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருப்பார்கள். அவர்களில் உப்பளக் கூலிக்கு நூறு ரூபாய் என்பது என் நூறு ரூபாய் அல்ல.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பார்வையாளன் பேசக்கூடாது. ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினோம். தலைமை அலுவலர் க்ளோஸ் பட்டனை அழுத்தி, மொத்த எண்ணிக்கையைச் சொல்ல, ஏஜெண்டுகள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மாதிரி வாக்குப்பதிவு நடந்ததா, ஏஜெண்டுகள் இருந்தார்களா, மை ஒழுங்காக வைக்கப்பட்டதா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று எழுதினேன். வராதவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வி அதில் இல்லை. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன்.